தொட்டுப் பார்க்கும் சரித்திரம்

என் பெண்ணுக்குப் பதினோரு வயது. மூன்று வருஷமாகப் பள்ளிக்கூடம் போவதில்லை, படிப்பெல்லாம் வீட்டிலேயே. (ஊரில் இதைச் சொன்னால் "கொழந்தைக்கு உடம்புக்கு என்ன?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்!) நாங்கள் இருக்கும் மாசசூசெட்ஸில் இதற்கு என்னென்ன சொல்லித் தரப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்து, உள்ளூர்ப் பள்ளி நிர்வாகத்திடம் ஒப்புதல் வாங்க வேண்டும். கணக்கும் அறிவியலும் நானும் மனைவியுமாகச் சமாளித்து விடுகிறோம். சரித்திரம்தான் உதைத்தது. நான் படித்த சரித்திரம் பானிபட் யுத்தம் எந்த வருஷம் என்பதோடு சரி.

அங்கே கை கொடுத்தது ஓல்ட் ஸ்டர்பிரிட்ஜ் வில்லேஜ். 1946-ல் திறந்த மியூசியம். மியூசியம் என்றால் எழும்பூர் மாதிரி நினைத்துக் கொள்ளாதீர்கள். 1790 முதல் 1830-கள் வரையிலான நியூ இங்கிலாந்து கிராமம் ஒன்றை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பல ஊர்களில் இருந்த பழைய வீடு, கடை, மில் எல்லாவற்றையும் பெயர்த்துக் கொண்டு வந்து வைத்து, நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கென்றே தனி நாட்கள் உண்டு. அந்தக் கால உடுப்பில் நிற்கிறவர்கள் வேலையைக் காட்டுவார்கள், பிள்ளைகள் செய்து பார்க்கலாம். இவள் கம்பளியைச் சிக்கெடுத்தாள், மெழுகுவர்த்தி தோய்த்தாள். நீளமான மரக்குடுவையில் வெண்ணெய் கடைந்து விட்டு, கை வலிக்கிறது என்று இரண்டு நாள் சொல்லிக் கொண்டிருந்தாள். பாட்டி வீட்டு மத்தும் இதே வேலைதான் என்றேன். "அதை நான் பாத்ததே இல்லையே" என்றாள். சுருக்கென்றது.

அங்கே இன்னொன்றும் நடந்தது. கடை அலமாரியில் பருத்தித் துணி அடுக்கியிருந்தது. பக்கத்து மில்களில் நெய்ததாம். பனி கொட்டுகிற ஊரில் பருத்தி ஏது என்று இவள் கேட்டாள். தெற்கே தோட்டங்களில் அடிமைகள் பறித்த பருத்தி என்று அந்தப் பெண்மணி மழுப்பாமல் சொன்னார். காரில் திரும்பி வரும்போது வெண்ணெயைப் பற்றிப் பேச்சே இல்லை. "அதைப் பறிச்சவா வீடு ஏன் அந்தக் கிராமத்துல இல்லை?" என்பதுதான் கேள்வி.

அடுத்த நவம்பரில் ஊருக்குப் போனோம். சென்னையில் இறங்கியதும் முட்டுக்காடு தட்சிணசித்ரா. 1996-ல் திறந்தது, அதுவும் பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து கட்டிய இடம். பிள்ளைகள் அங்கே மண் பிசையலாம், பானை வனையலாம். அக்ரஹார வீடும் ஒன்று இருக்கிறது. அதன் திண்ணையில் உட்கார்ந்து "இங்க யாருமே இல்லையே" என்றாள். அடுத்த நாள் பாலக்காடு போனால் யார் யாரோ இருப்பார்கள் என்றேன்.

கல்பாத்தியில் நிஜமாகவே இருந்தார்கள். இரண்டு பக்கமும் ஒட்டிய வீடுகள், திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை. ஒரு சுவர் இரண்டு வீட்டுக்கு. அத்தை அவள் கையில் மத்தைக் கொடுத்து விட்டாள். வெண்ணெய் திரளுவதற்குள் மோர் பாதி தரையில். விசுவநாத சுவாமி கோயிலுக்குப் படியிறங்கிப் போய்க் கல்வெட்டைக் காட்டினேன். 1425 வாக்கில் லட்சுமி அம்மாள் என்ற விதவை காசியிலிருந்து லிங்கம் கொண்டு வந்து, 1320 பொற்காசும் கொடுத்து, பாலக்காட்டு ராஜா இட்டி கோம்பி அச்சன் கோயில் கட்டிய கதையைச் சொன்னேன். காசியில் பாதி கல்பாத்தி என்று நாங்கள் பீற்றிக் கொள்வது அதனால்தான். ஒரு பெண் கோயிலுக்குக் காரணம் என்பது அவளுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஸ்டர்பிரிட்ஜ் அவளைக் கெடுத்து வைத்திருந்தது. "இந்தத் தெருவுல யார் இல்லை?" என்றாள்.

சொன்னேன். நானே முப்பது வயதுக்கு மேல், அயல்நாட்டு லைப்ரரி ஒன்றில் படித்துத் தெரிந்து கொண்டது. 1924. தெற்கே திருவிதாங்கூரில் வைக்கம் சத்தியாக்கிரகம் நடக்கிறது. பாலக்காடு அப்போது பிரிட்டிஷ் மலபார், அதாவது சென்னை மாகாணம். பொதுத் தெரு எல்லாருக்கும் பொது என்று ஆர். வீரய்யன் கொண்டு வந்த தீர்மானம் அந்த ஆகஸ்டில் சென்னைச் சட்டசபையில் நிறைவேறி, அரசாங்க உத்தரவும் வந்தது. அதை நம்பி நவம்பரில் தேருக்கு இந்தத் தெருவில் வந்த ஈழவர்களை அடித்துத் துரத்தினார்கள். அதற்குப் பிறகு ஈழவர்கள் சிலர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்து, அந்தப் பெயரிலாவது நடக்க விடுங்கள் என்று கேட்டார்கள். கோயிலுக்குள் போவதைப் பற்றிய பேச்சு இல்லை இது. வெறும் தெரு. நாங்கள் கோலி விளையாடிய தெரு.

தேர் கிளம்பியிருந்தது. பின்னால் யானை முட்டித் தள்ள, முன்னால் வடம் பிடிக்க யார் வேண்டுமானாலும் வரலாம். கூட்டத்தில் இவளும் போய்ப் பிடித்தாள். திரும்பி வந்து சிவந்த உள்ளங்கையைக் காட்டி விட்டு, "அன்னிக்கு அடிச்சவாள்ள நம்மாத்துக்காராளும் இருந்தாளா?" என்றாள்.

திண்ணையில் அத்தை வெற்றிலையை மடித்துக் கொண்டிருந்தாள். "எங்க சின்ன வயசுல அதைப் பத்தி ஆத்துல பேசப்படாது" என்றாள். சற்றுக் கழித்து, "பெரிய தாத்தா திண்ணையிலேதான் இருந்தார்னு அம்மா சொல்லுவா. எறங்கினாரா இல்லையான்னு சொல்ல மாட்டா."

இங்கே திரும்பியதும், அந்த வருஷம் என்ன படித்தாள் என்று பள்ளி நிர்வாகத்துக்குக் கட்டுரை அனுப்ப வேண்டியிருந்தது. இவள் வெண்ணெய்க் குடுவையையும் மத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்திருந்தாள். அடுத்த பக்கத்தில் தெருப்படம், ஒவ்வொரு வீடாக. எங்கள் வீட்டுத் திண்ணையில் மட்டும் ஒரு ஆள், முகம் போடவில்லை.

பெரியப்பாவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "அதெல்லாம் இப்போ எதுக்குடா?" என்று வைத்து விட்டார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிட வேண்டும்.