குளத்தில் யார் இறங்குவது?

எங்கள் குடியிருப்பின் நீச்சல்குளத்துக்கு ஒரு ரோபோ உண்டு. சின்ன சூட்கேஸ் அளவு இருக்கும். கேபிளை இழுத்துக்கொண்டு தரையில் ஊர்ந்து, சுவரில் ஏறி, நீர்மட்டம் வரை வந்து மறுபடி இறங்கும். வந்த புதிதில் பிள்ளைகள் அதைக் கரையில் உட்கார்ந்து ஆமையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். மூன்றாவது மாதம் நின்றுபோனது. கம்பெனி டெக்னீஷியன் வந்து மோட்டாரை மாற்றினார். ஐந்தாவது மாதம் மறுபடி நின்றது. பவர் சப்ளை பெட்டியை மாற்றினார்கள். எட்டாவது மாதம் திரும்பவும் மோட்டார். ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று வாரம் நன்றாக ஓடும், அப்புறம் பாதிக் குளத்தில் அசையாமல் நிற்கும். அரைமணி நேரம் வெளியே எடுத்துவைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும்.

பராமரிப்புக் குழுவில், "நீங்கதான் ஐ.டி. ஆளு, பாத்துக்குங்க" என்று அதை என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் எழுதுவது வங்கிக்கான மென்பொருள். ரோபோவுக்கும் எனக்கும் இருந்த ஒரே உறவு, இரண்டுபேருக்கும் கரன்ட் போனால் வேலை போகும் என்பதுதான்.

ரோபோ நிற்கும் நாட்களில் குளத்தைத் தேய்ப்பவர் ஒரு அண்ணன். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்துக்காரர். வாட்ஸ்அப் குழுவில் அவருக்குப் பெயர் கிடையாது, 'குளத்து ஆளு' மட்டும்தான். நீளமான அலுமினியக் கம்பில் பிரஷை மாட்டிக் கரையிலிருந்தே தேய்ப்பார். குளத்தின் வாசலில் ஒரு பலகை இருக்கிறது: 'பணியாளர்கள் நீரில் இறங்க அனுமதி இல்லை.'

நான்காவது முறை ரோபோ நின்றபோது அவசரக் கூட்டம் போட்டார்கள். ஒருவர் எழுந்து, "ராத்திரியில அந்த ஆளு குளிக்கிறான். தண்ணி அழுக்காகுது, மெஷின் தாங்க மாட்டேங்குது. கேமராவப் பாருங்க" என்றார். பலர் தலையாட்டினார்கள். ஒரு வாரத்துக்குள் நான் அறிக்கை தரவேண்டும், அதை வைத்து அவரை நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

அந்த வாரம்தான் இந்த இயந்திரத்தின் வரலாற்றை நான் தேடிப் படித்தேன்.

*

நீச்சல்குள ரோபோவின் மூதாதைகளில் ஒன்று நீச்சல்குளத்துக்காகப் பிறக்கவே இல்லை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் 19ஆம் நூற்றாண்டில் மக்கள் குடித்தது மழைநீரை. கூரைத் தண்ணீரைப் பெரிய மரத்தொட்டிகளில் பிடித்துவைத்தார்கள். அடியில் வண்டல் படியும். வண்டலை எடுக்கத் தொட்டியைக் காலி செய்தால் அடுத்த மழைவரை குடிக்க என்ன செய்வது? 1883இல் ஜான் பேட்டிசன் என்ற அந்த ஊர்க்காரர், தண்ணீரை வெளியேற்றாமலே அடியைச் சுரண்டி வண்டலை மட்டும் உறிஞ்சும் கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். மறு ஆண்டு கிடைத்தது. அழுக்கை எடு, தண்ணீரை விடு. இன்றைய ரோபோ செய்வதும் அதையேதான்.

அடுத்து எனக்குப் பிடித்த கதை தென்னாப்பிரிக்காவில் நடக்கிறது. பெல்ஜியன் காங்கோவிலிருந்து அங்கே குடியேறிய ஃபெர்டினாண்ட் ஷோவியே என்ற நீரியல் பொறியாளர், 1974இல் ஸ்பிரிங்ஸ் நகரில் 'க்ரீப்பி க்ராலி' என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு மோட்டார் கிடையாது, மின்சாரமும் போகாது. குளத்து பம்பு உறிஞ்சும் நீரோட்டத்தை ஒரு வால்வு அடித்து அடித்து மறிக்கும். அந்த உதறலில் கருவி தத்தித் தத்தி நகரும். கெட்டுப்போக அதில் அதிகம் ஒன்றுமில்லை. எங்கள் ரோபோவுக்கோ ஓட ஒரு மோட்டார், உறிஞ்ச ஒரு மோட்டார், சுவரேற ஒரு சென்சார், மின்பலகை, நீளக் கேபிள். புத்திசாலித்தனம் கூடக்கூடக் கெட்டுப்போகும் இடமும் கூடுகிறது.

ஆனால் அந்த எளிய கருவி பிறந்த நாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1953இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். கடற்கரை, பூங்கா, பொது நீச்சல்குளம் எல்லாவற்றையும் நிறத்தின் பெயரால் பிரித்துவைக்கலாம், பிரித்துத் தருவது சமமாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்றது அது. 1990இல்தான் நீக்கினார்கள். ஷோவியேயின் கருவி ஊர்ந்த கொல்லைப்புறக் குளங்கள் பெரும்பாலும் வெள்ளையர் வீட்டுக் குளங்கள். அந்த வீடுகளின் தோட்டத்தையும் தரையையும் துடைத்த கைகள் கறுப்பினத்தவருடையவை. குளத்தின் ஓரம்வரை வரலாம், வேலை செய்யலாம். நீந்த மட்டும் கூடாது.

இதைப் படித்தபோது எங்கள் வாசல் பலகை ஞாபகம் வந்தது. அதற்குமேல் நான் தேடியது இயந்திரத்தின் வரலாற்றை இல்லை.

1964 ஜூன் 18. ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் மான்சன் மோட்டார் லாட்ஜ் என்ற விடுதி. ஒரு வாரத்துக்கு முன்பு மார்ட்டின் லூதர் கிங்கை அதன் வாசலில் வைத்துத்தான் கைது செய்திருந்தார்கள். அன்று கறுப்பர்களும் வெள்ளையர்களுமாகச் சிலர் சேர்ந்து விடுதியின் நீச்சல்குளத்தில் குதித்தார்கள். மேலாளர் ஒரு கேனைக் கொண்டுவந்து தண்ணீரில் ஊற்றினார். அது மியூரியாட்டிக் அமிலம், குளத்தைச் சுத்தம் செய்யும் அதே திரவம். எங்கள் பம்பு அறையிலும் இரண்டு கேன் இருக்கிறது. அவர் ஊற்றுவதைக் காட்டும் புகைப்படம் உலகமெல்லாம் போனது. மறுநாள் அமெரிக்க மேலவை குடிமை உரிமைகள் சட்ட மசோதாவை நிறைவேற்றியது.

நம் பக்கத்துக் கதைக்கு ஃபுளோரிடா வரை போக வேண்டியதில்லை. 1927 மார்ச் 20ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் மஹாத் ஊரில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் சௌதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக நகராட்சி 1924லேயே தீர்மானம் போட்டிருந்தது, தீர்மானம் காகிதத்தில் இருந்தது. அம்பேத்கர் குடித்த பிறகு சாதி இந்துக்கள் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். மாட்டுச் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் குடம் குடமாகத் தண்ணீரில் கொட்டி மந்திரம் சொன்னார்கள். அழுக்கைக் கொட்டி அதைச் சுத்தம் என்றார்கள். வண்டலை எடுப்பதும் ஆளை விலக்குவதும் நம் மொழியில் ஒரே சொல்லாக இருக்கின்றன. கூட்டத்தில், "தண்ணி அழுக்காகுது" என்று அந்த மனிதர் சொன்னபோது எந்தச் சுத்தத்தைப் பற்றிப் பேசினார்?

*

கேமராவைப் பார்த்தேன். அண்ணன் குளத்தில் இறங்கியிருந்தது உண்மைதான். விடிகாலை ஐந்து மணி. தோளளவு தண்ணீரில் நின்று, அவ்வப்போது மூச்சைப் பிடித்து முங்கி, மூலையைத் தேய்க்கிறார். கையில் பிரஷ். நாற்பது நிமிடம். குற்றம் சாட்டியவர்களும் இதே காட்சியைத்தான் பார்த்திருந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு அது குளியல்.

"மூலைப் பாசி கம்புக்கு வராது சார். எறங்கித்தான் ஆவணும்" என்றார் அவர். "எனக்கென்ன, கெணத்துல குதிச்சு வளந்தவன். இந்தக் குளோரின் தண்ணில குளிக்க ஆசப்படுவனா?"

ரோபோவைப் பற்றிக் கேட்டேன். ஒரு வருடத்தில் அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"இது எப்பவும் ஒரே பக்கமாத்தான் திரும்புது. ஒயரு முறுக்கிக்குது. முறுக்கின கயித்துல வாளி நேரா எறங்குமா? மொத தடவ வந்த தம்பிகிட்டயே சொன்னேன். நீங்க தள்ளி நில்லுங்கன்னுட்டாரு."

குடியிருப்பின் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். பிளக்கைப் பிடுங்கி, கேபிளின் இரு முனையிலும் மல்டிமீட்டரை வைத்து, அங்குலம் அங்குலமாக மடக்கிப் பார்த்தார். ரோபோவிலிருந்து ஒரு சாண் தள்ளி மடக்கும்போது பீப் சத்தம் அறுந்தது, நிமிர்த்தினால் வந்தது. மேல் உறைக்கு ஒன்றுமில்லை. உள்ளே செம்புக் கம்பி முறுக்கி முறுக்கி இற்றுப்போயிருந்தது. கேபிளை வெளியே எடுத்துப் போடும்போது அது நிமிர்ந்து மறுபடி தொட்டுக்கொள்ளும், அதனால்தான் 'ரெஸ்ட்' கொடுத்தால் ஓடியது. மோட்டார் மேல் தப்பே இல்லை. நாங்கள் நோயை விட்டுவிட்டு மூன்று தடவை நோயாளியின் உறுப்பை மாற்றியிருக்கிறோம்.

புதுக் கேபிள் போட்டோம். மற்றதெல்லாம் அண்ணன் வகுத்த முறை. வாரம் ஒருதரம் கேபிளை மொட்டைமாடியில் முழுநீளத்துக்கும் நேராக விரித்து, முறுக்கு தானாகப் பிரியும்வரை காலை வெயிலில் கிடத்த வேண்டும். ரோபோவைக் கேபிளைப் பிடித்துத் தூக்கக்கூடாது, கைப்பிடியைப் பிடித்து, தண்ணீரை வடியவிட்டுத் தூக்க வேண்டும். பவர் பெட்டி நிழலில் இருக்க வேண்டும். குளோரினைக் கூட்டிப்போடும் நாளில் ரோபோவை உள்ளே விடக்கூடாது. லாரித் தண்ணீரின் உப்பு பிரஷிலும் சக்கரத்திலும் வெள்ளையாகப் படியும், நல்ல தண்ணீரில் அலச வேண்டும். ஐந்து மாதமாக ஓடுகிறது. நடுவில் ஒருமுறை நின்றது. அண்ணன் ஸ்க்ரூ டிரைவரால் அடிமூடியைத் திறந்து, இம்பெல்லரில் சுற்றியிருந்த தலைமுடியைப் பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டார்.

அறிக்கையில் இதையெல்லாம் எழுதினேன். அவர் வேலை தப்பியது. பலகையை எடுக்கவேண்டும் என்றும் எழுதியிருந்தேன். இறங்கித் தேய்க்கிறவரை இறங்காதே என்று சொல்லும் பலகைக்கு என்ன அர்த்தம் என்று கூட்டத்தில் கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தலைவர், "அது வேற சப்ஜெக்ட் தம்பி, அடுத்த மீட்டிங்ல பாக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு கூட்டம் முடிந்துவிட்டது.

அன்றைய கூட்டக் குறிப்பில் ஒரு வரி இருக்கிறது: 'ரோபோ சரிசெய்யப்பட்டது.' யார் சரிசெய்தார் என்று அதில் இல்லை. அடுத்த கூட்டம் வரும் ஞாயிறு. பலகையை நிகழ்ச்சிநிரலில் முதல் பொருளாகச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.