விமானப் பதிவேடுகளும் வரலாறும்



வரலாற்றுச் சான்று என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றின் பெருமையை நான் குறைத்துக் கூற வரவில்லை. ஆயினும், நாம் வாழும் வடசென்னையின் அண்மைக் கால வரலாற்றை அறிவதற்கு, அவற்றினும் எளிய தோற்றமுடைய சான்று ஒன்று உண்டு. அதில் அழகிய நடை இல்லை. அரசர் புகழும் இல்லை. நாள், நேரம், எண், ஒரு வரிக் குறிப்பு, கையொப்பம் ஆகிய இவ்வளவே அதில் காணப்படும். போர்க் காலத்தில் விமானம் ஓட்டியவர்கள் எழுதி வைத்த பதிவேடுகளையே குறிப்பிடுகிறேன். ஆங்கிலத்தில் இவற்றை 'லாக் புத்தகம்' என்பர்.

'லாக்' என்ற சொல்லுக்கு மரக்கட்டை என்பது பொருள். முற்காலத்து மாலுமிகள், முடிச்சுகள் இட்ட கயிற்றின் நுனியில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் எறிவார்கள். கப்பல் முன்னேற முன்னேறக் கயிறு வெளியே ஓடும். குறித்த நேரத்தில் எத்தனை முடிச்சுகள் கைவிட்டுப் போயின என்று எண்ணிக் கப்பலின் வேகத்தைக் கணித்தார்கள். அக்கணக்கை எழுதிய ஏட்டுக்குக் கட்டையின் பெயரே நிலைத்துவிட்டது. இன்றும் கப்பலின் வேகத்தை முடிச்சு என்று பொருள்படும் 'நாட்' கணக்கிலேயே கூறுகிறார்கள் என்பதைத் துறைமுகத்தின் அருகே வாழும் நீங்கள் அறிவீர்கள். கப்பலில் பிறந்த இப்பழக்கம் பின்னர் விமானத்திலும் ஏறிக்கொண்டது.

விமானப் பதிவேடுகள் மூவகைப்படும். முதலாவது, விமானி தம் பெயரில் வைத்திருக்கும் ஏடு. எந்த நாள், எவ்வகை விமானம், அதன் எண் யாது, உடன் பறந்தவர் யார், என்ன பணி, பகலில் எத்தனை மணி, இரவில் எத்தனை மணி என்று அதில் குறிப்பார். மாத இறுதியில் கூட்டுத்தொகை போட்டு மேலதிகாரியின் கையொப்பம் பெறவேண்டும். இரண்டாவது, விமானத்துக்கும் அதன் எஞ்சினுக்கும் உரிய ஏடு. எத்தனை மணி ஓடியது, எந்த உறுப்பு மாற்றப்பட்டது என்பவை அதில் இருக்கும். மூன்றாவது, ஸ்குவாட்ரன் எனப்படும் விமான அணி முழுமைக்கும் உரிய நாட்பதிவேடு. புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், இடையில் நிகழ்ந்தவை ஆகியவற்றை அது கூறும்.

இவற்றுக்கும் நம் ஊருக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். சென்னைக்குக் குடிநீர் தரும் செங்குன்றம் ஏரி, இரண்டாம் உலகப் போரின்போது ஒரு விமான தளமாக விளங்கியது. கேட்டலினா என்னும் பெரிய விமானங்கள் அந்த நீர்ப்பரப்பிலிருந்தே எழுந்து, அதிலேயே இறங்கின. இறகுக்கு இறகு 104 அடி அகலமுள்ள அவ்விமானங்கள் ஏறத்தாழ இருபது மணி நேரம் இறங்காமல் பறக்க வல்லவை. பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆம் அணி 1942 முதல் அங்கே தங்கி, வங்கக் கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடியும், சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் பறந்தும் பணியாற்றியது. பகைவர் வசமிருந்த கரைகளுக்கு உளவாளரைக் கொண்டு செல்லும் இரகசியப் பணிக்கென்று 1944-இல் 628-ஆம் அணியும் அங்கேயே அமைக்கப்பட்டது. இன்று அந்த ஏரிக்கரையில் நிற்பவருக்கு இவற்றையெல்லாம் நாள் தவறாமல் உரைக்கும் சாட்சி அந்தப் பதிவேடுகளே.

இனி இவற்றின் பயனை ஆராய்வோம்.

நினைவு பிழைபடும் இடத்தில் நேர் செய்வது முதற்பயன். இராயபுரத்திலும் காசிமேட்டிலும் முதியோரிடம் நான் பலமுறை கேட்ட கதை ஒன்று உண்டு. எம்டன் வந்தது, ஜப்பான்காரன் குண்டு போட்டான், ஊரே காலியாயிற்று என்று அனைத்தும் ஒரே இரவில் நடந்ததுபோலக் கூறுவார்கள். உண்மையில் இவை மூன்று வெவ்வேறு நிகழ்ச்சிகள். ஜெர்மானியக் கப்பலான எம்டன் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது 1914 செப்டம்பர் 22 இரவில். மக்கள் அஞ்சி நகரைவிட்டு வெளியேறியது 1942 ஏப்ரலில். ஜப்பானிய விமானம் ஒன்று தனியே வந்து நகரின்மேல் குண்டு வீசியது 1943 அக்டோபரில். முதியோர் பொய் கூறவில்லை. அவர்கள் பட்ட அச்சம் உண்மை, வரிசைதான் கலைந்துவிட்டது. மனம் பிற்காலத்தில் அறிந்தவற்றைக் கொண்டு முற்காலத்தைத் திருத்திக்கொள்கிறது. பதிவேடோ அன்றன்றே எழுதப்படுவது. மறுநாள் என்ன நிகழும் என்பதை அறியாத கை எழுதியது என்பதே அதன் சிறப்பு.

1942 ஏப்ரலையே எடுத்துக்கொள்வோம். 4-ஆம் தேதி, இலங்கையின் கொக்கலைத் தளத்திலிருந்து பறந்த கேட்டலினா ஒன்று ஜப்பானியக் கப்பற்படையைக் கடலில் கண்டது. அதன் தலைவர் கனடா நாட்டவரான பிர்ச்சால். விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஆயினும் அதற்குள் அது அனுப்பிய செய்தி கரையை எட்டியது. 5-ஆம் தேதி கொழும்பும், 6-ஆம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9-ஆம் தேதி திருகோணமலையும் தாக்கப்பட்டன. அடுத்தது சென்னையே என்று அரசாங்கமே நம்பியது. அலுவலகங்கள் உள்நாட்டுக்குப் பெயர்ந்தன. விலங்குக்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகள் சுடப்பட்டன. ஆனால் அப்படை சென்னைக்கு வரவில்லை. கிழக்கு நோக்கித் திரும்பிவிட்டது. இதனை நாம் இன்று ஐயமின்றிக் கூற முடிவது எதனால்? ஒருவரையொருவர் எதிர்த்து நின்ற இரு தரப்பாரின் பதிவுகளும் இதில் ஒத்துப்போவதால் அன்றோ!

இரண்டாவது பயன் சற்று வியப்புக்குரியது. 'ஒன்றும் தென்படவில்லை' என்ற குறிப்புக்கும் மதிப்பு உண்டு. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட நம் விமானப்படையின் ஆன்டனோவ்-32 விமானம், 29 பேருடன் வங்கக் கடலின்மேல் மறைந்தது. ஏழாண்டுக்கும் மேலாக அக்குடும்பங்கள் விடையின்றித் தவித்தன. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லாக் கருவி, கரையிலிருந்து ஏறக்குறைய 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படம் எடுத்தது. 2024 ஜனவரியில் இச்செய்தி வெளியிடப்பட்டது. அச்சிதைவு அவ்விமானத்தினுடையதாகவே இருக்கக்கூடும் என்பதற்கு இரு காரணங்கள் கூறப்பட்டன. படங்கள் அவ்வகை விமானத்தோடு பொருந்தின என்பது ஒன்று. அப்பகுதியில் வேறெந்த விமானமும் காணாமற்போனதாகப் பதிவு இல்லை என்பது மற்றொன்று. பலர் பல்லாண்டு ஒழுங்காகப் பதிவு செய்து வந்ததனாலன்றோ, பதிவில் இல்லை என்பதே ஒரு சான்றாயிற்று!

மூன்றாவது, எழுதியவர் எண்ணியே பாராத பயன். 1789 முதல் 1834 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் எழுதப்பட்ட பதிவேடுகளிலிருந்து, காற்றழுத்தத்தையும் வெப்பநிலையையும் தொகுத்து, இக்காலத்து அறிவியலார் பழைய வானிலையை ஆராய்கிறார்கள். அன்று கருவியைப் பார்த்து எழுதிய கப்பல் அலுவலருக்கு, இரு நூற்றாண்டுக்குப் பின் தம் எழுத்து தட்பவெப்ப மாறுதலை அளக்க உதவும் என்பது எங்ஙனம் தெரியும்?

இவ்வளவு கூறியதனால் பதிவேடு குறையற்றது என்று கொள்ளவேண்டா. தன்னிடம் உள்ள கட்டங்களுக்கு மட்டுமே அது விடை கூறும். விமானியின் பெயருக்குக் கட்டம் உண்டு; ஏரிக்கரையில் எரிபொருள் சுமந்த உள்ளூர்த் தொழிலாளியின் பெயருக்குக் கட்டம் இல்லை. பறந்த மணிக்கு இடம் உண்டு. பட்ட அச்சத்துக்கு இடம் இல்லை. ஆகவே ஏட்டைப் படிப்பவன் முதியோரின் வாய்மொழியையும் உடன் கேட்கவேண்டும். ஒன்று வரிசையைத் தரும்; மற்றொன்று உயிரைத் தரும்.

இத்தகைய ஏடுகள் எளிதில் அழிவன என்பதுதான் வருத்தத்துக்குரியது. பிரிட்டிஷ் விமானப்படை அணிகளின் நாட்பதிவேடுகள் இலண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஆனால், உரியவர் வந்து பெறாத விமானிகளின் சொந்த ஏடுகளில் பெரும்பகுதி, 1960-ஐ ஒட்டி, மாதிரிக்குச் சில நீங்கலாக அழிக்கப்பட்டுவிட்டது. அவற்றுள் போரில் மாண்டவர்களின் ஏடுகளும் இருந்தன. ஓர் இளைஞன் தன் கையால் எழுதி வைத்துச் சென்றது அது ஒன்றே என்று எண்ணிப் பாருங்கள். நம் நாட்டில், போர் ஆவணங்களைப் பொதுவாக இருபத்தைந்து ஆண்டுகளில் வெளியிடலாம் என்ற கொள்கை 2021-இல் ஏற்கப்பட்டது. வெளியிடுவதற்கு ஏடு எஞ்சியிருக்கவேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

பள்ளித் தலைமையாசிரியனாக இருந்த நாளில், துறைமுகத் தொழிலாளர் பலர் ஓய்வூதியத்துக்கு வயதுச் சான்று வேண்டிப் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி வந்ததைக் கண்டிருக்கிறேன். மங்கிய மையில் இருந்த ஒரு வரி, ஒரு குடும்பத்தின் உணவாக மாறியது. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஒவ்வோர் ஆலையிலும், ஒவ்வொரு ஷிப்டிலும், கொதிகலனின் அழுத்தத்தையும் எந்திரத்தின் ஓட்டத்தையும் உங்கள் தந்தையரும் தமையன்மாரும் எழுதி வருகிறார்கள். அவையும் லாக் ஏடுகளே, நாளைய வரலாறே. ஓர் ஆலை மூடப்படும்போது இரும்புக்கு விலை பேசுகிறோம். ஏடுகளையோ எடைக்குப் போட்டுவிடுகிறோம்.

ஆகவே, மாணவர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தாவின் பணிக் குறிப்பேடு இருந்தால் அதனை எறியாதீர்கள். ஈரமும் கறையானும் அணுகாமல் வையுங்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, எவருடையது, எங்கே கிடைத்தது என்று எழுதி வையுங்கள். நீங்களும் கண்டதைக் கண்ட அன்றே, கூட்டாமலும் குறைக்காமலும் எழுதப் பழகுங்கள். பின்னால் வருபவர் நம்பிக் கைவைக்கத்தக்க ஒரு வரியை விட்டுச் செல்வது, நம்மில் எவருக்கும் இயலக்கூடிய நற்பணியாகும்.