ஒன்பது பற்களின் கணக்கு

ஜோர்ஜ் வொஷிங்டன் மரப்பற்கள் அணிந்தார் என்பது கட்டுக்கதை. 1789இல் ஜனாதிபதியானபோது அவருக்கு எஞ்சியிருந்தது ஒரேயொரு பல். பல்வைத்தியர் ஜோன் கிறீன்வூட் நீர்யானைத் தந்தத்தில் பற்கட்டுச் செதுக்கிக் கொடுத்தார். தந்தம் உறுதியானதுதான்; ஆனால் எச்சில் ஊறி ஊறிக் கறைபிடிக்கும், வெடிக்கும், நாறும். அந்தக் கறைக்கோடுகளே பின்வந்தோருக்கு மரமாகத் தோன்றியிருக்க வேண்டும் என்கிறார்கள்.

மனிதப் பல்லுக்கு எனாமல் காப்பு உண்டு. தந்தத்தைவிட அது நீடிக்கும். ஆகவே அதற்கு விலையும் இருந்தது. 1784ஆம் ஆண்டு வொஷிங்டனின் கணக்கேட்டில், ஒன்பது பற்களுக்காகக் கறுப்பினத்தவருக்கு 6 பவுண் 2 சிலிங் கொடுத்த பதிவு இருக்கிறது.

1850களில் மலிவான வல்கனைட் இறப்பர் தந்தத்தை ஒதுக்கியது. 1937இல் அறிமுகமான அக்கிறிலிக் இறப்பரை ஒதுக்கியது. பொருட்களின் உறுதியைப் பலரும் எழுதிவிட்டார்கள். பல் கொடுத்தவர்களின் பெயர்களை அந்த ஏடு எழுதவில்லை. அதையே நான் இங்கு குறித்துவைக்க விரும்புகிறேன்.