பெட்டிக்குள் குடியிருக்கும் பூதங்கள்

நாகர்கோவிலில் ஒரு சின்ன டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை நோட்டீஸ். இந்த மூன்றும்தான் பிழைப்பு. கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர். அவருடைய கம்ப்யூட்டருக்குப் பத்து வயசுக்கு மேல் ஆகிறது.

"சுவிட்சைப் போட்டுட்டு ஒரு சாயா குடிச்சிட்டு வந்தாலும் தொறக்க மாட்டேங்கு அண்ணாச்சி. புதுசு வாங்கணும்னு சொல்லுதாவ. பணத்துக்கு நான் எங்க போவேன்?"

எங்கேயும் போக வேண்டாம். அந்தப் பெட்டிக்குள் யார் யாரெல்லாம் குடியிருக்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம். அதற்கு நாம் 1963-ம் வருஷத்துக்குப் போகவேண்டும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனம். அங்கே ஐ.பி.எம். 7094 என்று ஒரு ராட்சத மெஷின். பல பேர் ஒரே நேரத்தில் அதைப் பங்குபோட்டு உபயோகிக்க வழி கண்டுபிடித்தவர் பெர்னாண்டோ கோர்பட்டோ. அவருடைய குழு ஒரு விசேஷமான புரோகிராமை எழுதியது. யாரும் கூப்பிட வேண்டாம். யார் கண்ணிலும் படாது. தானாக விழித்துக்கொண்டு, எல்லோருடைய ஃபைல்களையும் டேப்பில் நகல் எடுத்துவைக்கும். இந்த மாதிரி புரோகிராம்களுக்கு அவர்கள் வைத்த பெயர், 'டீமன்'.

அதாவது, பூதம்!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இயற்பியல் மேதை மாக்ஸ்வெல், ஒரு குட்டிப் பிராணியைக் கற்பனை செய்தார். இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு கதவு. அங்கே நின்றுகொண்டு, வேகமான மூலக்கூறுகளை ஒரு பக்கமும் மெதுவானவற்றை இன்னொரு பக்கமும் ஓயாமல் பிரித்து அனுப்பும். அதற்கு 'டீமன்' என்று பெயர் சூட்டியவர் கெல்வின் பிரபு. கோர்பட்டோவின் ஆட்கள் அங்கேயிருந்துதான் பெயரை எடுத்தார்கள்.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதையெல்லாம் விளக்கவே வேண்டாம். சுடலைமாடன் கோயிலுக்குப் போனால் அங்கே மாடன் மட்டுமா இருக்கிறார்? இசக்கி, பேச்சி என்று வரிசையாகப் பீடங்கள். எல்லோருக்கும் காவல் வேலை. எல்லோருக்கும் படையலும் உண்டு. எம்.ஐ.டி. பூதமும் அப்படித்தான். சும்மா வேலை செய்யாது. மெமரியில் ஒரு பங்கு, பிராசஸரில் ஒரு பங்கு வைத்தே ஆகவேண்டும்.

சரி, படையல் பற்றாமல் போனால்?

இதற்குப் பதில் 1968-லேயே கிடைத்துவிட்டது. பீட்டர் டென்னிங் என்கிற ஆராய்ச்சியாளர் இந்த வியாதியை அலசி ஒரு கட்டுரை படித்தார். வியாதியின் பெயர் 'த்ராஷிங்'. மெமரி என்பது கடைக்காரரின் மேஜை. ஹார்டு டிஸ்க், பின்கட்டில் இருக்கும் குடோன். மேஜை நிறைந்துவிட்டால் ஒரு கட்டைக் குடோனில் வைத்துவிட்டுத்தான் இன்னொரு கட்டை எடுத்துவர முடியும். மேஜையிலிருந்து எடுக்க ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்கு நேரம் போதும். குடோனுக்குப் போய்வர விநாடியில் நூறில் ஒரு பங்கு ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். லட்சம் மடங்கு! ஒரு கட்டத்துக்கு மேல் மெஷின் வேலையே செய்வதில்லை. மேஜைக்கும் குடோனுக்குமாக அலைந்துகொண்டேயிருக்கிறது.

இதற்கு மருந்து இரண்டு. மேஜையைப் பெரிதாக்கு. இல்லாவிட்டால் கூட்டத்தைக் குறை.

அப்படியானால் நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் கூட்டம் எப்படிச் சேர்ந்தது? ஆரம்பத்தில் அங்கே பூதங்களுக்கு இடமே கிடையாது. டாஸ் காலத்தில் ஒரு நேரத்தில் ஒரே புரோகிராம்தான். 1983-ல் வந்த டாஸ் 2.0-வில் 'பிரின்ட்' என்று ஒரு கட்டளை. அச்சு வேலை பின்னால் ஓட, நீங்கள் முன்னால் வேறு வேலை பார்க்கலாம். பரம சாது. ஆனால், 'ஓஹோ, இப்படி மெமரியிலேயே தங்கிவிடவும் முடியுமா?' என்று மற்றவர்களுக்கும் ஆசை வந்தது. 1984-ல் போர்லாண்ட் கம்பெனி 'சைட்கிக்' கொண்டுவந்தது. பொத்தான்களைச் சேர்த்துத் தட்டினால் கால்குலேட்டரும் நோட்டும் குதித்து வரும். ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு கேட்கவேண்டுமா? 640 கிலோபைட் இடத்துக்குள் ஆளாளுக்குத் துண்டு போட்டு இடம் பிடித்தார்கள்.

1995-ல் விண்டோஸ் 95 இவர்களுக்கு வாசல் கதவை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டது. 'ஸ்டார்ட்அப்' பட்டியலில் பெயர் எழுதிவிட்டால் போதும், தினமும் மெஷினோடு சேர்ந்து எழுந்துகொள்ளலாம். மூன்றே வருஷத்தில், விண்டோஸ் 98-ல், 'எம்எஸ்கான்ஃபிக்' என்ற விளக்குமாற்றையும் மைக்ரோசாஃப்டே தரவேண்டியதாயிற்று.

அசிங்கமான ஒரு அத்தியாயமும் உண்டு. 2005 அக்டோபரில் மார்க் ரஸினோவிச் என்ற நிபுணர், தன் கம்ப்யூட்டரிலேயே ஒளிந்திருந்த ஒரு புரோகிராமைப் பிடித்தார். காசு கொடுத்து வாங்கிய சோனி பி.எம்.ஜி. பாட்டு சி.டி. ஒன்று, காப்பி அடிப்பதைத் தடுக்கவென்று வைத்துவிட்டுப்போன பூதம் அது. இரண்டு விநாடிக்கு ஒரு தரம், ஓடுகிற புரோகிராம்களையெல்லாம் நோட்டம் விட்டுக்கொண்டிருந்தது. ஊரே கொதித்தது. அடுத்த மாதமே கம்பெனி அந்த சி.டி.களைத் திரும்பப் பெற்றது.

நாகர்கோவிலுக்கு வருவோம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். விண்டோஸ் 8-லிருந்து ஸ்டார்ட்அப் பட்டியலும் அதற்குள்ளேயே இருக்கிறது. கடைக்காரரின் பட்டியலில் என்றைக்கோ வாங்கி என்றைக்கோ போய்ச்சேர்ந்த ஸ்கேனரின் புரோகிராம், இரண்டு சாட்டிங், பாட்டு புரோகிராம் ஒன்று, அப்டேட் வந்ததா என்று பார்ப்பதற்கென்றே நாலு. ஒவ்வொன்றாக 'டிஸேபிள்' செய்தோம். இது அழிப்பது இல்லை. காலையில் தானாக எழாதே என்று சொல்வதுதான். வேண்டுமென்றால் நாமே கூப்பிட்டுக்கொள்ளலாம். ஆன்ட்டி வைரஸை மட்டும் தொடக்கூடாது. ஆனால் இரண்டு ஆன்ட்டி வைரஸ் இருந்தால், ஒன்றுக்கு விடைகொடுத்துவிடுங்கள்.

(விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. அது பாதுகாப்புப் பிரச்னை. ஆமை வேகம் வேறு பிரச்னை. இரண்டையும் ஒன்றாக்கிப் புது மெஷின் விற்பவர்களிடம் ஜாக்கிரதை.)

மறுநாள் போன் வந்தது. "மெஷின் பறக்குது அண்ணாச்சி. பிரின்டர்தான் செத்துப்போச்சு."

மனுஷருக்கு ருசி கண்டுவிட்டது! எம்எஸ்கான்ஃபிக்குக்குள் போய் சர்வீஸ் பட்டியலில் கைவைத்திருக்கிறார். அங்கே மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைத்துவைக்க ஒரு கட்டம் இருக்கிறது. முதலில் அதில் டிக் போட்டுவிட்டுத்தான் மற்றதைத் தொடவேண்டும். அவர் போடவில்லை. 'பிரின்ட் ஸ்பூலரை'யே துரத்திவிட்டார். 1983-ல் குடிவந்த அந்தப் பரம சாதுவின் வாரிசு!

மறுபடி டிக் போட்டு ரீஸ்டார்ட் செய்தோம். சாயா ஆறுவதற்குள் மெஷின் திறந்துகொண்டது. முதல் காகிதம் வந்து விழுந்தது. ஒரு மாடன் கோயில் கொடை நோட்டீஸ். பரிவார தெய்வங்களின் பெயர்களே முக்கால் பக்கம்.