கறுப்புப் பூச்சின் கதை

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் வாழும் பழைய தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில், பரணில் ஏற்றி வைத்த பித்தளைப் பாத்திரங்கள் இன்னும் உண்டு. கும்பகோணத்திலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் ரயிலேறி வந்த அப்பாத்திரங்களுக்கு முன்னாளில் அவ்வப்போது ஈயம் பூச வேண்டியிருந்தது. புளியும் உப்பும் பட்டால் பித்தளை களிம்பேறும். களிம்பு உணவிற் கலந்தால் உடலுக்குத் தீங்கு. உலோகத்தைக் காக்க அதன்மேல் வேறொரு தோலைப் போர்த்த வேண்டும் என்பது நம் அடுக்களைகள் அறிந்த பாடம். அதே பாடம் மின்சார உலகில் எவ்வாறு வளர்ந்தது என்பதே இவ்வுரையின் பொருள்.

லேக் மார்க்கெட்டிலிருந்து சிறிது தூரம் நடந்தால் ரவீந்திர சரோவர் ஏரி. காலையில் அங்கே உலாவுவோர் பலரின் மணிக்கட்டில் இன்று ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறது. அவற்றுட் சில, நாழிகை காட்டுவதோடு இதயத் துடிப்பின் மின்குறிகளையும் பதிவு செய்கின்றன. மின்சாரம் நுழையவும் வெளியேறவும் இடந்தரும் உறுப்பை மின்வாய் என்கிறோம். வாய் என்பதற்கு வாயில் என்றும் பொருளுண்டு. ஆகவே பெயர் மிகப் பொருத்தமானது. தோலின்மீது கிடைக்கும் இதயத்தின் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. அதைத் தடையின்றி வாங்கவேண்டிய மின்வாயோ, கொல்கத்தாவின் புழுக்கத்தில் நாள் முழுதும் உப்பு வியர்வையில் ஊறிக் கிடக்கிறது. எளிதில் மின்சாரம் கடத்தும் உலோகங்களிற் பல உப்புநீரில் அரிக்கும். அரிக்காத கண்ணாடி, பீங்கான் முதலியன மின்சாரம் கடத்தா. பொன்னும் பிளாட்டினமும் இரண்டையும் செய்யும்; ஆனால் விலை எட்டாது. இம்மூன்றுக்கும் நடுவே ஒரு வழி தேடியதே மின்வாயின் வரலாறு.

முதல் வழியைக் காட்டியது கரி. 1839-ல் பிரிட்டனில் வில்லியம் குரோவ் என்பார் பிளாட்டினத்தைக் கொண்டு ஒரு மின்கலம் அமைத்தார். 1841-ல் ஜெர்மானிய விஞ்ஞானி பன்சன், பிளாட்டினம் இருந்த இடத்திற் கரியை வைத்து அதே வேலையை மலிவாகச் செய்து காட்டினார். 1866-ல் பிரான்ஸ் தேசத்து லெக்லாஞ்சே அமைத்த கலமே, பின்னர் நம் வீடுகளில் வழங்கிய பாட்டரிக் கட்டைக்கு மூதாதை. கொல்கத்தாவிலும் 1939-ல் எவரெடி பாட்டரித் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. தீர்ந்துபோன கட்டையைச் சிறுவர்கள் உடைத்துப் பார்த்தால், துத்தநாகக் கூடு அரித்துப் பொத்தலாகியிருக்கும். நடுவிலுள்ள கரிக்கோல் மட்டும் வைத்தது வைத்தபடியே இருக்கும். 1960-களில் டிரான்ஸிஸ்டர் பெட்டிகள் பரவியபோது, தொலைவில் வாழ்ந்த தமிழரின் செவிக்குத் தாய்மொழியைக் கொணர்ந்ததில் அக்கறுப்புக் கோலுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆனால் பெருந்தொழிலில் கரியும் தோற்றது. உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஒருபுறம் குளோரின் வாயுவும் மறுபுறம் காஸ்டிக் சோடாவும் கிடைக்கும். சோப்பு, காகிதம், துணி, குடிநீர் ஆகிய யாவும் இவற்றை வேண்டி நிற்கின்றன. அமெரிக்காவில் ஆச்சிசன் என்பார் 1896-ல் செயற்கைக் கிராபைட் செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். நெடுங்காலம் அக்கிராபைட்டே சோடா ஆலைகளின் நேர்மின்வாயாக விளங்கியது. எனினும், அங்கு எழும் குளோரினும் ஆக்ஸிஜனும் அதைச் சிறிது சிறிதாகத் தின்றன. மின்வாய் தேயத் தேய இடைவெளி அகலும்; இடைவெளி அகல அகல மின்சாரச் செலவு ஏறும். இறுதியில் கலத்தை நிறுத்தி மின்வாயை மாற்ற வேண்டும்.

டைட்டானியம் என்னும் உலோகத்தை குளோரின் கலந்த உப்புநீர் அரிப்பதில்லை. ஏனெனில் அது தன்மேல் ஆக்ஸைடு படலமொன்றைத் தானே வளர்த்துக்கொள்கிறது. ஆனால் அப்படலமே மின்சாரத்தையும் மறித்துவிடுகிறது. காவற்காரன் கள்வனோடு விருந்தினனையும் வாயிலில் நிறுத்தினாற் போலாயிற்று! இச்சிக்கலை ஹென்றி பீர் என்ற ஆராய்ச்சியாளர் தீர்த்தார். 1965-ஆம் ஆண்டைச் சேர்ந்த அவரது உரிமைப் பத்திரம், ருத்தேனியம் என்னும் அரிய உலோகத்தின் ஆக்ஸைடையும் டைட்டானியம் ஆக்ஸைடையும் கலந்து பூசும் முறையைக் கூறுகிறது. இரும்பின் துருவும் ஓர் ஆக்ஸைடே. ஆனால் ருத்தேனியத்தின் ஆக்ஸைடோ உலோகத்தைப் போலவே மின்சாரம் கடத்தும் தனித்தன்மை வாய்ந்தது. குளோரினையும் எளிதில் தாங்கும். நீலங்கலந்த கருநிறம் கொண்ட இப்பூச்சு சில மைக்ரான் கனமே உடையது. இத்தாலியின் டி நோரா நிறுவனம் இதை உலகெங்கும் தொழிலுக்குக் கொணர்ந்தது.

இனி நம் நாட்டுப் பகுதி. காரைக்குடியில் மின்வேதியியலுக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைய வேண்டுமென்று வள்ளல் அழகப்பச் செட்டியார் 15 லட்சம் ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் அளித்தார். 1948 ஜூலை 25-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். உரிமைப் பத்திரங்கள் அயல்நாட்டார் கையில் இருக்க, பூச்சுக்குப் பணம் கட்டிக்கொண்டே இருப்பதா, நாமே செய்யக் கற்பதா என்ற கேள்வி எழுந்தபோது, இந்நிலையத்தார் இரண்டாவதைத் தேர்ந்தனர். டைட்டானியத் தகட்டை அமிலத்திற் கழுவிச் சொரசொரப்பாக்கி, ருத்தேனிய, டைட்டானியக் கரைசலைத் தூரிகையாற் பூசி, ஏறக்குறைய 450 டிகிரி வெப்பத்திற் சுட்டு, மீண்டும் பூசிச் சுடுவது முறை. ஈயம் பூசுவோரின் கைப்பொறுமையே இதற்கும் வேண்டும். பின்னர்ச் சென்னையை அடுத்த வண்டலூரில் இத்தகைய மின்வாய்களைச் செய்யும் தொழிற்சாலைகள் எழுந்தன.

ஆயினும் கணக்கு முழுதும் தீரவில்லை. ருத்தேனியம் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வருவது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் டைட்டானியம் தரும் இல்மனைட் மணல் குவிந்து கிடந்தும், நெடுங்காலம் மணலை விற்று உலோகத்தை வாங்கினோம். கேரளத்துச் சவறாவில் டைட்டானிய உலோகம் எடுக்கும் ஆலை 2011-ல்தான் தொடங்கியது.

மணிக்கட்டுக் கருவிக்கு மீள்வோம். 2018-ல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட கைக்கடிகாரத்தின் பின்புறத்தில் செயற்கை நீலக்கற் படிகம் பதிக்கப்பெற்றிருந்தது. படிகம் மின்சாரம் கடத்தாது. அதன்மேல் குரோமியம், சிலிக்கன், கரி, நைட்ரஜன் ஆகிய நான்கும் சேர்ந்த மிக மெல்லிய படலத்தைப் பூசி, அப்படலத்தையே மின்வாயாக்கினர். பூச்சு வேறு, கருவி வேறு. ஆனால் சூத்திரம் ஒன்றே. உள்ளிருப்பது உருவத்தைத் தாங்குகிறது. மேற்றோல் மின்சாரத்தைக் கடத்தி, அரிப்பையும் தடுக்கிறது.

ஆகவே நேயர்களுக்கு ஒரு சொல். கறுத்ததைக் கண்டவுடன் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது நம் வழக்கம். வியர்வை படிந்த இக்கருவியை ஈரத்துணியால் மெல்லத் துடைத்தாற் போதும். கீறலுற்ற பூச்சு மீண்டும் வளராது. அடியிலுள்ளது நிக்கல் கலந்த உலோகமாயின் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். ஈயம் பூசுவோர் தெருவில் வந்தாற்போல இதைப் பூசித் தருவோர் எவரும் வாரார்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம்மவர் காரைக்குடியில் செட்டிநாட்டு மாளிகைகளைக் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். அவற்றின் சுண்ணாம்புப் பூச்சு ஒரு நூற்றாண்டு கடந்தும் பளிங்குபோல் மின்னுவது உண்மையே. அதே ஊரில், வெறும் உலோகத்துக்கு உப்பையும் குளோரினையும் தாங்கும் கறுப்புத் தோல் அளிக்கக் கற்ற ஒரு நிலையமும் இருக்கிறது என்பதை உடன்வரும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நம் கடமையாகும்.