கரோல் பாகும் முடியாத வழக்குகளும்

அஜ்மல் கான் சாலையில் பேரம் பேசாத, கஃபார் மார்க்கெட்டில் செல்போன் ரிப்பேருக்கு நிற்காத தமிழ்க் குடும்பம் தில்லியில் இருக்குமா என்ன? அந்தக் கஃபார் மார்க்கெட்டில்தான் 2008 செப்டம்பர் 13, சனிக்கிழமை மாலை ஆறு மணி வாக்கில் முதல் குண்டு வெடித்தது. அடுத்த அரை மணிக்குள் கனாட் பிளேஸிலும் கிரேட்டர் கைலாஷிலும் வெடித்தன. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதினைந்து வருடம் கழித்து, 2023-லும், விசாரணை நீதிமன்றத்தில் தீர்ப்பு வரவில்லை!

ஏன் இப்படி? நம்மவர்கள் நாலு பேர் கூடினால் சொல்வது ஒன்றுதான்: "வக்கீல்கள் வாய்தா வாங்கியே இழுக்கிறார்கள்". அது பாதி உண்மைதான் என்பது என் கட்சி.

ஒரு ஒப்பீடு பாருங்கள். குண்டு வெடித்த ஆறாம் நாள் பாட்லா ஹவுஸில் துப்பாக்கிச் சண்டை நடந்து, இன்ஸ்பெக்டர் மோகன் சந்த் சர்மா உயிரிழந்தார். அந்த வழக்கில் முதல் தீர்ப்பு 2013 ஜூலையில் வந்துவிட்டது. அதே ஊர், அதே போலீஸ், அதே சட்டம். ஆனால் அது ஒரே வீட்டில் நடந்த சம்பவம். குண்டுவெடிப்பு வழக்கிலோ ஐந்து குண்டுகள், மூன்று பகுதிகள், ஏறக்குறைய 500 சாட்சிகள். காயம்பட்டவர், டாக்டர், தடயவியல் நிபுணர், போலீஸ்காரர் என்று ஒவ்வொருவராகக் கூண்டேற வேண்டும். அதற்குள் ஒருவர் வேலை மாறியிருப்பார், இன்னொருவர் ஊர் மாறியிருப்பார்.

சாட்சி விசாரணை தொடங்கிவிட்டால், வந்திருக்கும் சாட்சிகள் முடியும்வரை தினமும் நடத்த வேண்டும் என்று 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. சட்டத்தில் குறையில்லை. தினமும் உட்கார்ந்து ஒரே வழக்கைக் கேட்க நீதிபதிக்கு நேரம் வேண்டுமே! பத்து லட்சம் பேருக்குப் பத்து நீதிபதி என்பது போதாது, ஐம்பது வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987-லேயே எழுதியது. 2024-லும் அந்த எண்ணிக்கை இருபதைச் சுற்றித்தான் நின்றது.

இருக்கிற நீதிபதிக்கும் இடமாற்றம் வரும். அடுத்து வருபவர் கட்டுக்கட்டாகப் படிக்க வேண்டும், வாதங்களை மறுபடி கேட்க வேண்டும். ரயில்வே அமைச்சர் எல்.என். மிஸ்ரா கொலை வழக்கே சாட்சி. 1975 ஜனவரியில் சமஸ்திபூரில் குண்டு வெடித்தது. 1979-ல் உச்சநீதிமன்றம் வழக்கைத் தில்லிக்கு மாற்றியது. இருபதுக்கும் மேற்பட்ட நீதிபதிகள் மாறி, 2014 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் அதற்கு முன்பே இறந்துபோனார். மத்திய அமைச்சர் வழக்குக்கே நாற்பது வருடம் என்றால் சாமானியன் கதி?

"அப்படியானால் கெடு வைத்து முடித்துவிடலாமே?" என்பீர்கள். விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று 1979-ல் சொன்ன அதே உச்சநீதிமன்றம், எல்லா வழக்குக்கும் ஒரே காலக்கெடு வைக்க முடியாது என்று 2002-ல் மறுத்துவிட்டது. எனக்கு அது சரியாகவே படுகிறது. கெடு முடிந்ததும் வழக்கே செத்துப்போனால், இழுத்தடிப்பவனுக்குத்தானே லாபம்?

தாமதத்தால் நஷ்டம் பாதிக்கப்பட்டவருக்கு மட்டும் என்றும் நினைக்காதீர்கள். 2005 தீபாவளிக்கு முன் சரோஜினி நகர், பஹாட்கஞ்ச் குண்டுவெடிப்புகளில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2017 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தபோது, மூவரில் இருவர் முழுமையாக விடுவிக்கப்பட்டார்கள். பதினோரு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்த பிறகு! இறந்தவர் குடும்பத்துக்கும் குண்டு வைத்தது யார் என்று பதில் இல்லை.

ஒவ்வொரு குண்டுவெடிப்புக்குப் பிறகும் தண்டனையைக் கடுமையாக்கு என்று குரல் கேட்கிறது. நீதிபதிகளைக் கூட்டு, சாட்சிகளை ஞாபகம் மங்குவதற்குள் கூப்பிடு என்று கேட்பவர்கள் குறைவு. கேட்க வேண்டியது அதைத்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?