மையமற்ற மறையாக்கச் செய்திப் பரிமாற்றம்

மையமற்ற மறையாக்கச் செய்திப் பரிமாற்றம் என்பது, அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறெவரும் செய்தியைப் படிக்க இயலாதவாறும், யார் யாரோடு பேசினர் என்ற தடயம் எந்த ஒரு நிறுவனத்தின் கையிலும் சேராதவாறும் வடிவமைக்கப்படும் தொடர்பு முறையாகும். இவற்றுள் முதலாவது பெரும்பாலும் தீர்ந்துவிட்ட சிக்கல். டிரெவர் பெரினும் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் 2013இல் உருவாக்கிய நெறிமுறை, ஒவ்வொரு செய்திக்கும் புதிய திறவுகோலை உண்டாக்கி, ஒரு திறவுகோல் களவுபோனாலும் பழைய உரையாடல்களைக் காக்கிறது. சிக்னல் செயலியின் அடிப்படையான இந்நெறிமுறை 2016 ஏப்ரலுக்குள் வாட்ஸ்அப் முழுவதற்கும் வந்துசேர்ந்தது.

கடினமானது இரண்டாவதே. ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து பெங்களூரு நோக்கிச் செல்லும் தொழிலாளி ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியை அடைவதற்குள், அவரது கைபேசி தமிழ்நாட்டுத் தொலைத்தொடர்பு வட்டத்தை விட்டுக் கர்நாடக வட்டத்தின் கோபுரத்தோடு இணைந்துவிடுகிறது. அவர் அனுப்பிய செய்தியில் ஒரு சொல்லும் வெளியே தெரியாவிட்டாலும், எப்போது, எந்தக் கோபுரத்தின் கீழ் இருந்தார் என்பது பதிவாகிவிடும்; செய்தியைப் பற்றிய இத்தகவலே மேனிலைத் தரவு எனப்படுகிறது. 2021 டிசம்பரில் திருத்தப்பட்ட உரிம விதிப்படி, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இத்தகைய பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சம்பள பாக்கி கேட்கவோ சங்கம் தொடங்கவோ ஒப்பந்தத் தொழிலாளர்கள் வாட்ஸ்அப் குழு அமைத்தால், உறுப்பினர் அனைவரின் எண்களும் குழுவில் உள்ள எவருக்கும் தெரியும்; நிர்வாகத்துக்கு வேண்டிய ஒருவர் உள்ளே இருந்தாலே பட்டியல் வெளியே போய்விடும். மறையாக்கம் அங்கே எவ்வகையிலும் உதவாது.

இத்தடயத்தை மறைக்கும் வழியை டேவிட் சௌம் 1981இலேயே காட்டினார். பல கணினிகள் செய்திகளைத் திரட்டி, வரிசையைக் கலைத்து அடுத்ததற்கு அனுப்பினால், புறப்பட்ட இடமும் சேரும் இடமும் எந்த ஒரு கணினிக்கும் ஒருசேரத் தெரியாது என்பதே அவரது கருத்து. கலைப்பதற்காகக் காத்திராமல் அடுக்கடுக்கான மறையாக்கத்தை நம்பி விரைவைக் காப்பது டோர் வலைப்பின்னல். ப்ரையர் செயலி டோர் வழியே கைபேசிகளை நேரடியாக இணைக்கிறது. இணையம் இல்லாதபோது புளூடூத், வைஃபை வழியே இயங்குகிறது. தூத்துக்குடியில் போராட்டக்காரர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் 2018 மே மாதத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டதை நினைத்தால் அதன் தேவை விளங்கும். ஆயினும் புளூடூத் சில பத்து மீட்டருக்கே எட்டுவதால், ஒரு விடுதிக்குள் பயன்படுவது அடுத்த ஊருக்குப் பயன்படாது. வலுவான அநாமதேயம், குறைந்த தாமதம், குறைந்த தரவுச் செலவு ஆகிய மூன்றையும் ஒருசேரப் பெற முடியாதென 2018இல் ஆய்வாளர்கள் நிறுவினர்.

இந்தியாவில் இத்தகைய தடயம் பற்றிய விவாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் கூர்மையடைந்தது. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கக் கோரி 2018இல் தொடங்கிய வழக்கு, செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிவது பற்றியதாக மாறியது. அனுப்பியவரின் எண்ணைச் செய்தியுடன் சேர்த்தால் எத்தனை கை மாறினாலும் மூலம் தெரியும் என்று சென்னை ஐஐடி பேராசிரியர் வி.காமகோடி கூறினார்; அவ்வடையாளத்தைப் போலியாக்க முடியும் என்று மும்பை ஐஐடி பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் மறுத்தார். மறுப்பே வலுவானது: திருத்திய செயலியைப் பயன்படுத்தும் குற்றவாளி தப்பிவிட, கள்ளமின்றி அனுப்பியவரே சிக்குவார். வதந்திகளின் கேடு உண்மையானதே. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பரவிய போலிக் காணொளிகள் தமிழகத் தொழில் நகரங்களைக் கலங்கவைத்தன. ஆனால் அவற்றுள் பல ட்விட்டரில் வெளிப்படையாகவே பகிரப்பட்டவை. அவற்றைப் பரப்பியவரைக் கண்டறிய மறையாக்கத்தை உடைக்கத் தேவையில்லை.

வழக்கு 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 50 லட்சத்துக்கு மேற்பட்ட பயனர்களைக் கொண்ட செய்திச் செயலிகள் முதல் அனுப்புநரை அடையாளம் காட்ட வேண்டும் என்று ஒன்றிய அரசின் 2021 பிப்ரவரி தகவல் தொழில்நுட்ப விதிகள் கூற, வாட்ஸ்அப் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. 2023 மே மாதத்தில் ஒன்றிய அரசு முடக்கிய 14 செயலிகளுள் ப்ரையரும் ஒன்று. மைய வழங்கி எதையும் சாராத அச்செயலி, ஏற்கெனவே நிறுவப்பட்ட கைபேசிகளுக்கிடையே புளூடூத் வழியே இன்றும் இயங்கக்கூடியது.